ஒரு கம்பளமும் ஓரத்துல ஒரு கோடும்

மூணு வருஷம் முன்னாடி அரிசோனாவுல ஃப்ளாக்ஸ்டாஃப் போற வழியில ஹைவே ஓரமா ஒரு கடையில 140 டாலருக்கு ஒரு கம்பளம் வாங்கினேன். செவப்புல கறுப்பு டைமண்டு, ரெண்டு முனையிலயும் குஞ்சம். "நவஹோ ஸ்டைல், கையால நெய்தது"ன்னு சீட்டு ஒட்டியிருந்துச்சு. நவஹோங்கிறது அந்தப் பக்கத்து பூர்வகுடி மக்கள், அந்த "ஸ்டைல்"ங்கிற வார்த்தைய அன்னிக்கு நான் கவனிக்கல. ஒரு வருஷம் கழிச்சு வேக்யூம் போடும்போது குஞ்சத்துல ஒரு இழை பிரிஞ்சு வந்துச்சு, எடுத்துப் பாத்தா பருத்தி. மேல தெரியுறது கம்பளி, உள்ள நெடுக்க ஓடுற பாவு நூல் முழுக்க பருத்தி. அப்பறம் தான் படிச்சுத் தெரிஞ்சுகிட்டேன், நவஹோ நெசவுக்காரங்க பெரும்பாலும் பாவுக்கும் கம்பளி தான் போடுவாங்க, குஞ்சமும் இருக்காதுன்னு.

அந்தக் கம்பளத்த நெய்தவங்கள நான் கொற சொல்லல. மெக்சிகோவுல வாஹாகா பக்கம் சபோடெக் மக்கள் தலமுற தலமுறையா பிரமாதமா நெய்யுறவங்க, இந்தியாவுல இருந்தும் இந்த டிசைன் போட்ட கம்பளம் நெறைய வருது, அதுவும் யாரோ ஒருத்தரோட கை ஒழைப்பு தான். ஆனா டிசைனுக்கு சொந்தக்காரங்க பேர மட்டும் சீட்டுல ஒட்டிட்டு அவங்களுக்கு ஒரு காசு போகாம விக்கிறாங்க பாருங்க, அது மனசுல உறுத்திகிட்டே இருந்துச்சு. அடுத்து ஒண்ணு வாங்கினா நெய்தவங்க ஊருக்கே போய் வாங்கணும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

போன வசந்தத்துல அம்மா ஈரோட்டுல இருந்து வந்திருந்தாங்க. அம்மாவோட பொறந்த ஊர் சென்னிமலை, தாத்தா கைத்தறியில போர்வை நெய்தவர், வீட்டுக்குள்ளயே குழித்தறி. கிராண்ட் கேன்யனுக்கு கூட்டிட்டுப் போறேன்னதும் "அதெல்லாம் படத்துல பாத்தாச்சு கண்ணு, நீ ஏதோ தறி பாக்கப் போறேன்னியே, அங்க கூட்டிட்டுப் போ"ன்னு சொல்லிட்டாங்க. சரின்னு சாண்ட்லர்ல இருந்து காலைல கெளம்பி ஃப்ளாக்ஸ்டாஃப் ஏறி, ஐ-40ல கெழக்க சேம்பர்ஸ் வரைக்கும் போய், வடக்க திரும்பினா கனாடோங்கிற ஊர். போறவங்க ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, அரிசோனாவுல கோடைக்கு கடிகாரத்த மாத்துற வழக்கம் கெடையாது, ஆனா நவஹோ தேசத்துக்குள்ள மாத்துவாங்க, அதனால எல்லை தாண்டினதும் ஒரு மணி நேரம் முன்னாடி ஓடும். கடை மூடுற நேரத்த பாத்து வச்சுகிட்டுப் போங்க.

நவஹோ தேசம்ங்கிறது அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மூணு மாநிலத்துலயும் பரவிக் கெடக்குற எடம், 27,000 சதுர மைலுக்கு மேல, அதாவது தமிழ்நாட்டுல பாதிய விட பெருசு. தனி அரசாங்கம் இருக்கு, தலைநகரம் விண்டோ ராக். அவங்க தங்கள நவஹோன்னு சொல்லிக்கிறத விட "டினே"ன்னு தான் சொல்லிக்கிறாங்க, மக்கள்னு அர்த்தம்.

கனாடோல ஹப்பெல் டிரேடிங் போஸ்ட்டுன்னு ஒரு பழைய கடை. 1878-ல ஜுவான் லொரென்சோ ஹப்பெல்ங்கிற வியாபாரி வாங்கினது, அவர் குடும்பம் 1967 வரைக்கும் நடத்தி, அப்பறம் தேசியப் பூங்கா துறை கைக்கு வந்துச்சு, இன்னிக்கும் கடையாவே ஓடுது. கல்லுக் கட்டடம், மரத்தரை காலடி வைக்க வைக்க முனகுது, முன்னாடி மளிகை சாமான், பக்கத்து ரூம்ல கம்பளம் அடுக்கடுக்கா மடிச்சு வச்சிருக்காங்க. சுவத்துல சின்னச்சின்னதா பெயின்டிங் மாட்டியிருக்கு, எல்லாம் கம்பள டிசைன். ஹப்பெல் ஓவியர்கள வச்சு தனக்கு பிடிச்ச பழைய டிசைன வரைய வச்சு, அத காட்டி "இது மாதிரி நெய்து குடுங்க"ன்னு கேப்பாராம்.

நாங்க போன நேரம் ஒரு பெரியம்மா தறி முன்னாடி உக்காந்து நெய்துகிட்டிருந்தாங்க. வெல்வெட்டு சட்ட, கழுத்துல டர்குவாய்ஸ் மால. போட்டோ எடுக்கலாமான்னு கேட்டேன், தறிய எடுத்துக்கோ, முகம் வேண்டாம்னாங்க. அம்மா நேரா போய் அவங்க பக்கத்துல ஒரு ஸ்டூல போட்டு உக்காந்துட்டாங்க. ரெண்டு பேருக்கும் பொது பாஷைன்னு ஒண்ணு கெடையாது, நடுவுல நான் தான். ஆனா தறி சம்பந்தமா பேசினப்போ பாதி நேரம் நான் தேவையே படல, கைய காட்டியே பேசிகிட்டாங்க.

அம்மாவுக்கு மொத ஆச்சரியம் தறி நிமிந்து நிக்கிறது. நம்ம தறி மாதிரி படுத்த பாவு இல்ல, ரெண்டு மரச்சட்டத்துக்கு நடுவுல மேலேருந்து கீழ பாவு இழுத்துக் கட்டியிருக்கு. காலால மிதிக்க பலகை இல்ல, நூல கொண்டு போற நாடா இல்ல. பாவு இழைய பிடிச்சு இழுக்குற விழுது இருக்கு, ஒரு குச்சியில கோத்த விழுது, அத கையால முன்னாடி இழுத்து, பட்டையான ஒரு மரக்கத்திய உள்ள விட்டு திருப்பி வழி பண்ணி, குறுக்க போற நூலு, அந்த ஊடைய விரல்ல நுழைச்சு, மரச்சீப்பால தட்டி எறக்குறாங்க. ஒரு வரிசைல அஞ்சு கலர் இருந்தா அஞ்சு நூலும் தனித்தனியா அந்தந்த எடத்துல தொங்கும், ஒவ்வொண்ணையும் அதோட எல்லை வரைக்கும் கொண்டு போய் திருப்பணும். பாவு வெளியவே தெரியாத அளவுக்கு தட்டணும். டிசைன் எதுலயும் வரைஞ்சு வைக்கல, பேப்பர் கெடையாது. எங்க இருக்கு டிசைன்னு கேட்டேன், அந்த பெரியம்மா நெத்திய தொட்டு காட்டினாங்க.

அம்மா தட்டுற சத்தத்த கொஞ்ச நேரம் கேட்டுகிட்டே இருந்துட்டு "ஒரு நாளைக்கு எவ்ளோ ஏறும்னு கேளு"ன்னாங்க. நல்ல நைசா இருந்தா ஒரு இஞ்ச், சில நாள் அதுவும் இல்லன்னு அந்த பெரியம்மா கட்டவிரல் நகத்த காட்டினாங்க. அதுவும் தறியில உக்காந்த பிறகு. அதுக்கு முன்னாடி ஆட்டுல மயிர் வெட்டி, சுத்தம் பண்ணி, முள்சீப்பு போட்ட ரெண்டு பலகைல சிக்கெடுத்து, தொடை மேல உருட்டுற நீளமான கதிர்ல நூத்து, பத்தலன்னா மறுபடி நூத்து மெல்லிசாக்கி, சாயம் போட்டு, பாவு கட்டி, இதெல்லாம் முடிச்சா தான் மொத ஊடை. மேல நெருங்க நெருங்க கஷ்டம் கூடுமாம், பாவு எறுகிப் போய் கத்தி நுழையாது, மெல்லிசு மெல்லிசா மாத்தி கடைசில குடைக்கம்பிய வச்சு இழை இழையா நுழைப்பாங்களாம். பழைய குடை கெடச்சா தூக்கிப் போட மாட்டோம்னாங்க, அம்மா "அதான பாத்தேன்"ன்னு தலையாட்டினாங்க.

ஆட்டப் பத்தி சொல்லியே ஆகணும், ஆடு இல்லாம இந்த நெசவே இல்ல. சுரோன்னு ஒரு செம்மறி, 1598-ல ஹுவான் தே ஓன்யாத்தே கூட ஸ்பெயின்காரங்க ஓட்டிட்டு வந்தது. மயிர் நீளம், எண்ணெப் பிசுக்கு கம்மி, அதனால அலச தண்ணி ரொம்ப வேண்டாம், பாலைவனத்துக்கு இத விட என்ன வேணும். பக்கத்துல இருந்த புவெப்லோ மக்கள் ஏற்கனவே நிமிந்த தறியில பருத்தி நெய்துகிட்டிருந்தவங்க, அவங்ககிட்ட இருந்து தான் நவஹோ தறி கத்துகிட்டாங்கன்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. புவெப்லோல நெய்யுறது ஆம்பளைங்க, நவஹோல பெரும்பாலும் பொம்பளைங்க. அவங்க நெய்த போர்வை அவ்ளோ நெருக்கமா இருக்குமாம், மத்த பழங்குடி தலைவர்கள் போட்டி போட்டு வாங்கிப் போத்திகிட்டாங்க, அதனால தான் "சீஃப் பிளாங்கெட்"னு பேரு. கோடு கோடா அகலமா இருக்கும். அதுல ஒண்ணு 2012-ல கலிஃபோர்னியாவுல ஒரு ஏலத்துல 18 லட்சம் டாலருக்கு போச்சு. அத நெய்தவங்க பேரு யாருக்கும் தெரியாது.

1863-64ல அமெரிக்க ராணுவம் கிட் கார்சன் தலைமைல வந்து வயல எரிச்சு, கேன்யன் தெ ஷேங்கிற பள்ளத்தாக்குல இருந்த பீச் மரத்த வெட்டி, ஆட்ட கொன்னு, பட்டினி போட்டு இவங்கள சரணடைய வச்சாங்க. அப்பறம் 300 மைலுக்கு மேல நடக்க வச்சு நியூ மெக்சிகோவுல போஸ்க் ரெடோண்டோங்கிற எடத்துல அடைச்சாங்க, எட்டாயிரம் பேருக்கு மேல. நெறைய பேர் செத்தாங்க. 1868 ஜூன் 1-ல ஒப்பந்தம் போட்டு சொந்த மண்ணுக்கு திரும்பினப்போ கையில ஒண்ணுமில்ல, அரசாங்கம் குடுத்த கொஞ்சம் ஆட்ட வச்சு திரும்ப ஆரம்பிச்சாங்க. மறுபடி 1930கள்ல மேய்ச்சல் நெலம் கெட்டுப்போகுதுன்னு சொல்லி அரசாங்கமே ஆட்ட பிடுங்கி கொன்னுச்சு. அந்த பெரியம்மா இத சொல்லும்போது தட்டுறத நிறுத்திட்டாங்க, அவங்க பாட்டி சாகுற வரைக்கும் அந்த ஆடுங்கள பத்தி பேசுவாங்களாம். சுரோ இனமே அழிஞ்சு போற நெலமைக்கு வந்து, 1977-ல லைல் மெக்நீல்ங்கிற பேராசிரியர் மிஞ்சினத தேடித்தேடி சேத்து பெருக்க ஆரம்பிச்சார், அதனால தான் இன்னிக்கு சுரோ கம்பளி கெடைக்குது.

போர்வை எப்படி தரைக்கம்பளம் ஆச்சுன்னா, 1880கள்ல ரயில் வந்துச்சு, மில்லுல நெய்த போர்வை மலிவா வந்துச்சு, இவங்க போர்வைய வாங்க ஆளில்ல. வியாபாரிங்க தான் கெழக்கு ஊர் வீடுங்களுக்கு தரையில போட கனமா, பார்டரோட நெய்யச் சொன்னாங்க. ஒரு வேதனை என்னன்னா அந்த காலத்துல நெறைய கம்பளத்த எடை போட்டு தான் வாங்கினாங்க, பவுண்டுக்கு இவ்ளோன்னு. ஒரு மாசம் ஒக்காந்து மெல்லிசா நூத்து நெய்தா எடை கம்மி, காசும் கம்மி. நல்லா நெய்யுறவளுக்கு நஷ்டம்ங்கிற மாதிரி ஒரு கணக்க யோசிச்சுப் பாருங்க. அதையும் தாண்டி சிலர் மெல்லிசா தான் நெய்தாங்க. டூ கிரே ஹில்ஸ்ங்கிற ஊர் பக்கத்து டெய்சி டவுகல்சிங்கிறவங்க நெய்த சில கம்பளத்துல ஒரு இஞ்ச்ல நூறு ஊடைக்கு மேல. சாதாரண கம்பளத்துல முப்பது, நாப்பது இருந்தாலே நல்ல நெசவுங்கறாங்க. 2004-ல அவங்க நெசவ அமெரிக்க தபால் தலைல போட்டாங்க.

கம்பள ரூமுக்குள்ள போனா தல சுத்துது. அங்கங்க ஊர் பேர்லயே டிசைன் பேரு. கனாடோன்னா அந்த ஆழமான செவப்பு. டீக் நோஸ் போஸ்னா அகலமான பார்டர், உள்ள நெருக்கமா, பாக்க பாரசீக கம்பளம் சாயல். வைட் ரூயின்ஸ்ல பார்டரே இல்லாம பட்ட பட்டயா வரும், வால்நட் ஓடு, ராபிட்பிரஷ் பூ மாதிரி செடி சாயம், மண்ணும் மஞ்சளுமா கண்ணுக்கு அவ்ளோ இதமா இருக்கு. எனக்கு மனசு போனது டூ கிரே ஹில்ஸ் மேல. சாம்பலும் காப்பி கலரும் சாயத்துல வரல, வெள்ள ஆட்டு மயிரையும் கறுப்பு, பழுப்பு ஆட்டு மயிரையும் கலந்து சிக்கெடுத்தே அத்தன நெறம் கொண்டு வர்றாங்க. கறுப்புக்கு மட்டும் பெரும்பாலும் சாயம் சேப்பாங்க, ஏன்னா கறுப்பு ஆடு வெயில்ல பழுப்படிச்சுடும்.

அங்க இருந்தவர் எனக்கு கம்பளத்த பாக்க சொல்லிக் குடுத்தார், அத அப்படியே சொல்றேன். மொதல்ல ஓரத்துல பாவ பாருங்க. நவஹோ தறியில பாவு ஒரே நூலா மேல கீழ சுத்தி சுத்தி வரும், அறுக்கவே மாட்டாங்க, அதனால நாலு பக்கமும் ஓரம் முடிஞ்சிருக்கும், மூலைல மட்டும் ஓரக்கயிறோட சின்ன முடிச்சு நிக்கும். அறுத்து குஞ்சம் விட்டிருந்தா, இல்ல அறுத்த முனைய திரும்ப உள்ள சொருகியிருந்தா சந்தேகப்படுங்க. ரெண்டு பக்க ஓரத்துலயும் தடிச்சி தடிச்சி ரெண்டு மூணு பாவு சேந்தாப்ல இருந்தா அது பெரும்பாலும் மெக்சிகோ தறி. விதிவிலக்கும் இருக்கு, காலப்ங்கிற ஊர் பக்கத்து சின்ன விரிப்புல பருத்தி பாவும் ஒரு பக்கம் குஞ்சமும் வரும், அது நவஹோ நெசவு தான். அப்பறம் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா சில கம்பளத்துல குறுக்க சாய்வா மெல்லிசா ஒரு கோடு ஓடும், அகலமான தறியில ஒரு பக்கம் கொஞ்சம் நெய்து முடிச்சுட்டு நகந்து அடுத்த பக்கம் நெய்யுறதால வர்ற தடம். அத "லேசி லைன்", அதாவது சோம்பேறிக் கோடுங்கிறாங்க, பேர வச்சு கொறன்னு நெனைக்காதீங்க, கையால நெய்ததுக்கு அது நல்ல அடையாளம். ஈரத்துணிய செவப்பு மேல ஒத்திப் பாருங்க, சாயம் ஒட்டக்கூடாது. தரையில விரிச்சா மூலை சுருளாம உக்காரணும், மடிச்சா ஓரத்தோட ஓரம் சேரணும், ஆனா கால் இஞ்ச் அரை இஞ்ச் வித்தியாசத்துக்கெல்லாம் மூஞ்ச சுழிக்காதீங்க. யாரு நெய்தாங்க, எந்த ஊருன்னு எழுதின சீட்டு கேளுங்க. 1990-ல போட்ட சட்டப்படி பூர்வகுடிங்க செய்யாத பொருள அவங்க செய்ததுன்னு சொல்லி வித்தா மொத தடவையே 2,50,000 டாலர் வரைக்கும் அபராதம், 5 வருஷம் வரைக்கும் ஜெயில். அதனால தான் சீட்டுல "ஸ்டைல்"னு போடுறாங்க.

நான் எடுத்து வச்ச ரெண்டுக்கு மூணு அடி கம்பளம் 850 டாலர். அம்மா என் கைய பிடிச்சு ஓரமா இழுத்து "ரூவால எவ்ளோ கண்ணு"ன்னாங்க. சொன்னேன். ஒண்ணும் பேசல. நான் பழக்க தோஷத்துல "கொஞ்சம் கொறைக்க முடியுமான்னு கேட்டுப் பாக்கட்டுமா"ன்னேன்.

"வேண்டாம். கேக்காத."

அதோட அம்மா கம்பளத்த திருப்பி திருப்பி பாத்துகிட்டே இருந்தாங்க, திடீர்னு ஒரு மூலைல விரல வச்சு "இங்க ஒரு பிசகு இருக்குது பாரு"ன்னாங்க. பாத்தா உள்ள இருக்குற சாம்பல் நெறத்துல ஒத்த இழை, கறுப்பு பார்டர குறுக்க வெட்டி வெளிய வரைக்கும் வந்து நிக்குது. கடைக்காரர் சிரிச்சுட்டே சொன்னார், அது வேணும்னே விடுறது, வழின்னு சொல்லுவாங்க. பார்டர் போட்டு நாலு பக்கமும் அடைச்சா நெய்தவளோட மனசும் நெனப்பும் அந்த கம்பளத்துக்குள்ளயே சிக்கிக்கும், அடுத்தது நெய்ய வராது, அதனால வெளிய வர ஒரு வழி விட்டு முடிப்பாங்க. எல்லாரும் விடுறதில்ல, விடுறவங்க பெரும்பாலும் மேல வலது மூலைல.

நான் மொழிபெயர்த்து சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் அந்த கோட்டுலயே விரல வச்சுகிட்டு நின்னாங்க. "எங்கப்பா போர்வைய எடுத்துட்டு கூலிக்குப் போய் நிப்பாரு. அவங்க வெளிச்சத்துல புடிச்சு பாப்பாங்க. இத்தினிக்கூண்டு ஒரு கோடு இருந்தா போதும், காசு புடிச்சுருவாங்க. அன்னிக்கு வீட்டுல யாரும் பேச மாட்டோம்."

முழு காசும் குடுத்து வாங்கினோம்.

மறுநாள் சின்லி போய் கேன்யன் தெ ஷே தெக்கு விளிம்பு ரோட்டுல கடைசி வரைக்கும் போனோம், அங்க தான் ஸ்பைடர் ராக். பள்ளத்தாக்கு அடியில இருந்து 700 அடிக்கு மேல ஒத்தையா எழும்பி நிக்கிற செவப்புப் பாறை. சிலந்திப் பெண் குடியிருக்கிற எடம், அவ தான் டினே பொம்பளைங்களுக்கு நெசவு சொல்லிக் குடுத்தவ, மொத தறி எப்படி செய்யணும்னு சொன்னது அவ புருஷன். அந்த தறியோட குறுக்குச்சட்டம் வானமும் பூமியும், விழுது மின்னலும் ஸ்படிகமும், சீப்பு வெள்ளச் சங்குன்னு கத. பொறந்த பொண்ணு குழந்த கையில சிலந்தி வலைய தடவுற வழக்கம் உண்டாம், விரல் நல்லா ஓடட்டும்னு. என் பொண்ணு பாறை உச்சி மட்டும் ஏன் வெள்ளையா இருக்குன்னு கேட்டா. சொன்ன பேச்சு கேக்காத பிள்ளைங்கள சிலந்திப் பெண் மேல தூக்கிட்டுப் போயிடுவா, அதோட எலும்பு தான் அதுன்னு இங்க பெரியவங்க சொல்லுவாங்கன்னு அங்க வளையல் வித்துகிட்டிருந்த அக்கா சொன்னாங்க, வண்டிக்கு வர்ற வரைக்கும் பொண்ணு என் கைய விடல.

வீட்டுக்கு வந்து கம்பளத்த சுவத்துல மாட்டினோம். பூச்சி அரிக்கும், அதனால மாசத்துக்கு ஒரு தடவ எறக்கி பின்பக்கமும் பாக்குறேன், வெயில் நேரா விழாத சுவரா பாத்து தான் மாட்டியிருக்கு, வேக்யூம்ல சுத்துற பிரஷ்ஷ ஆஃப் பண்ணிட்டு தான் ஓட்டுறேன். 140 டாலர் கம்பளம் பொண்ணு ரூம்ல தரையில கெடக்கு.

அம்மா ஊருக்குப் போய் ரெண்டு வாரம் கழிச்சு வீடியோ கால்ல "எங்க, மாட்டினத காட்டு"ன்னாங்க. போன தூக்கிப் பிடிச்சேன். கொஞ்சம் கிட்ட, இன்னும் கிட்டன்னு சொல்லி உத்துப் பாத்துட்டு, "ஏங்கண்ணு, வழி கீழ எடது பக்கம் இருக்குதே, தலகீழா மாட்டிட்டீங்களா"ன்னாங்க.

என் வீட்டுக்காரர் போய் கராஜ்ல இருந்து ஏணிய எடுத்துட்டு வந்தார். அம்மா லைன்லயே இருந்தாங்க, மாட்டி முடிக்கிற வரைக்கும்.